நங்கூர அணு அனுப்பிய சேதி

கருவிலிருந்து உடல் உருவாகும் விதத்தை அணு அணுவாகக் காண விரும்பியவர் சிட்னி பிரென்னர். கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் 1963-இல் அவர் முன்வைத்த திட்டம், பின்னர் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவில் நிலைகொண்டது. நீளம் ஒரு மில்லிமீட்டர். கண்ணாடி போன்ற உடல். முதிர்ந்த இருபாலினப் புழுவில் 959 உடலணுக்கள்.

ஜான் சல்ஸ்டனும் ராபர்ட் ஹார்விட்ஸும் உயிருள்ள புழுவை நுண்ணோக்கியில் வைத்து, எந்த அணு எப்போது பிரிந்து எதுவாகிறது என்று கண்டு வரைந்தனர். குஞ்சு பொரித்த பின் நிகழ்வனவற்றின் கொடிவழி 1977-இல் வெளிவந்தது. கருநிலையின் கொடிவழி 1983-இல் நிறைவுற்றது. புழுவுக்குப் புழு அது ஏறக்குறைய மாறவேயில்லை. இதைக் காணும் நாம் என்ன முடிவுக்கு வருவோம்? பிறப்பே விதி என்றுதானே?

அம்முடிவை அசைத்தது ஒரு லேசர் கதிர். புழுவின் வயிற்றுப்புறத் தோலில் ஆறு அணுக்கள் வரிசையாக உள்ளன. அவற்றுள் மூன்று பிரிந்து 22 அணுக்களாகி, முட்டையிடும் வாயிலை அமைக்கும். மேலே இனவுறுப்பில் நங்கூர அணு என்றொன்று உண்டு. ஜூடித் கிம்பிள் அதைச் சுட்டழித்தார். ஆறும் வெறும் தோலாயின, வாயில் உருவாகவில்லை. இது 1981-இல் வெளியான செய்தி. அதற்கு முன்னரே, 1980-இல், அவ்வாறில் ஒன்று அழிந்தால் பக்கத்து அணு அதன் வேலையை ஏற்கக்கூடும் என்று சல்ஸ்டனும் ஜான் வைட்டும் காட்டியிருந்தனர்.

சேதி எவ்வழியே செல்கிறது என்பது 1990-களின் தொடக்கத்தில் தெளிந்தது. நங்கூர அணு லின்-3 என்னும் புரதத்தை அனுப்புகிறது. கீழுள்ள அணு லெட்-23 என்னும் ஏற்பியால் அதை வாங்குகிறது. லெட்-60 அதை உள்ளே கடத்துகிறது. சேதி போய்ச் சேராத புழுவில் வாயில் இல்லை. முட்டைகள் உள்ளேயே பொரிந்து, குஞ்சுகள் தாயைத் தின்று வெளியேறுகின்றன. லெட்-60 ஓயாமல் முடுக்கப்பட்டால், வேண்டாத இடங்களிலும் வாயில்போன்ற புடைப்புகள் எழுகின்றன. இந்த லெட்-60, மனிதப் புற்றுநோய்களில் 1982 முதல் அறியப்பட்ட ராஸ் மரபணுவின் உறவே.

2002-இல் பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

கொடிவழி பொய்யன்று, அதை வாசிக்கும் விதத்தில்தான் நாம் இடறக்கூடும். ஒவ்வொரு புழுவிலும் அண்டை அயல் மாறாததால் உரையாடலும் மாறவில்லை. உரையாடல் மாறாததால், அது நிகழ்வதே வெளியே தெரியவில்லை. ஓர் அணுவை மௌனமாக்கிய பிறகே அது பேசிக்கொண்டிருந்தது நமக்குப் புலப்பட்டது.