அல்சைமர் நோயில் செவிலியர் பராமரிப்பு

1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் முதன்முதலில் விவரித்த இம்மறதிநோயை முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆகவே பராமரிப்புக்கே முதலிடம். அண்மை நினைவுகள் முதலில் மங்கும், பழையவை நெடுநாள் தங்கும். எனவே "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று வாதிடுவது வீண். அது முதியவரைப் புண்படுத்தவே செய்யும். எதிரே அமர்ந்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். குளிக்க மறுப்பவரின் உள்ளங்கையில் முதலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் காட்டினால் அச்சம் தணிவதுண்டு. பலருக்கு அந்தி சாயும் வேளையில் பதற்றம் கூடும். விளக்கை முன்னதாகவே போட்டுவிடலாம். திடீரெனக் குழப்பம் மிகுந்தால், நோய் முற்றிவிட்டதென விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, வலி ஆகியவற்றை உடனே பார்க்க வேண்டும். வலியை வாய் சொல்லாதபோது முகச்சுளிப்பு சொல்லும். பிற்கட்டத்தில் விழுங்கும் திறன் குறையும்: நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கவளமாக ஊட்டி, விழுங்கியதைப் பார்த்த பின்பே அடுத்த வாய்.