சுவர் மட்டும் மிஞ்சும் ஊர்

பிரிக்பீல்ட்ஸ் என்றால் இன்று பலருக்கும் பூக்கடையும் புடவைக்கடையும் வாழையிலைச் சாப்பாடும்தான் நினைவுக்கு வரும். பெயரோ வேறொன்றைச் சொல்கிறது. ஒரு காலத்தில் அங்கே செங்கல் காளவாய்கள் புகைந்தன. அவை அங்கே வரக் காரணம், ஒரே ஆண்டில் கோலாலம்பூரைத் தாக்கிய தீயும் வெள்ளமும்.

கோலாலம்பூர் என்றாலே சேற்று முகத்துவாரம். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில், 1857-இல் ஈயம் தோண்ட வந்தவர்கள் கரையேறிய பிறகு எழுந்த ஊர் அது. மரச்சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த அந்த ஊரை 1881 ஜனவரியில் தீ தின்றது. மிச்சமிருந்ததை அதே ஆண்டு வெள்ளம் பார்த்துக்கொண்டது. மறு ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனி வீடென்றால் செங்கல்லும் ஓடும்தான் என்றார். சீனர்களின் தலைவர் கப்பித்தான் யாப் ஆ லோய் நகருக்குத் தெற்கே நிலம் வாங்கிச் செங்கல் அறுக்கத் தொடங்கினார். ஊரை மூழ்கடித்த ஆற்றின் பக்கத்திலேயே மண்ணெடுத்துச் சுட்டு, அந்த ஆற்றுக்கு எதிராகச் சுவர் எழுப்பினார்கள்.

1886-இல் கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. காளவாய்கள் இருந்த வட்டாரத்தில் ரயில்வே பணிமனையும் குவார்ட்டர்ஸும் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி எனப்பட்ட குமாஸ்தாக்களும் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளும் வந்து சேர, பிரிக்பீல்ட்ஸ் தமிழ் பேசத் தொடங்கியது.

செங்கல் நெருப்பை நிறுத்தியது. தண்ணீரிடம் அதன் பேச்சு எடுபடவில்லை.

1926 டிசம்பரில் பெருவெள்ளம். அதன் பிறகு நகரத்துக்குள் கிள்ளான் ஆற்றை அகலப்படுத்தி நேராக்கினார்கள். வளைந்து போகும் ஆறு நின்று நிதானித்துப் போகும். நேராக்கிய ஆறு ஓடும். நகரத்துக்கு அது வசதிதான், கீழே இருப்பவர்களுக்கு அப்படியில்லை.

1971 ஜனவரியில் வந்த வெள்ளம் ஊரை நாள்கணக்கில் பிடித்து வைத்தது. தலைநகரில் மட்டும் 32 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 1,80,000 பேர். பிரதமர் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடர் அறிவித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைந்தது. 1987-இல் ‘பத்து’ என்ற பெயருடைய அணை கட்டி முடிந்தது. 2007-இல் ஸ்மார்ட் சுரங்கம் திறந்தது: 9.7 கிலோமீட்டர் நீளம், செலவு ஏறக்குறைய 190 கோடி ரிங்கிட். சாதாரண நாளில் அதன் ஒரு பகுதியில் கார்கள் ஓடும்; பேய்மழை நாளில் கார்களை வெளியேற்றிவிட்டு வெள்ளத்தை உள்ளே விடுவார்கள். கெட்டிக்கார ஏற்பாடுதான். மேலே அம்பாங் பக்கம் பிடிக்கும் தண்ணீரை, நகரத்தையும் பிரிக்பீல்ட்ஸையும் தாண்டி, தாமான் டேசா குளத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து அது கெராயோங் ஆறு வழியாக மீண்டும் கிள்ளான் ஆற்றில்தான் சேர வேண்டும்.

2021 டிசம்பர் 18-ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது. மஸ்ஜித் ஜாமேக் பக்கம் சாலைகள் மூழ்கின. ஆனால் அந்த வெள்ளத்தின் பெயராக மக்கள் நினைவில் நிற்பது ஷா ஆலம் ஸ்ரீ மூடா. தமிழர்கள் நிறைய வாழும் தாழ்வான குடியிருப்பு அது. நகரத்தைக் கடந்து வரும் கிள்ளான் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. கீழ்த்தளம் மூழ்க, மாடியிலும் கூரையிலும் ஏறி இரவெல்லாம் காத்திருந்தார்கள். அரசுப் படகுகளுக்கு முன்னால் வந்தவை பல இடங்களில் தன்னார்வலர்களின் படகுகள். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் சோற்றுப் பொட்டலம் கட்டினார்கள்.

தண்ணீர் வடிந்ததும் சேறு வழிப்பதுதான் வேலை. அந்த வரிசை வீடுகளின் செங்கல் சுவர்கள் அப்படியே நின்றன. வீட்டுக்குள் இருந்ததெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டது: மெத்தை, சோபா, குளிர்பெட்டி, பிள்ளைகளின் பாடப்புத்தகம். தெருவின் இரு பக்கமும் குப்பை மலை. லோரிகள் அள்ள அள்ளத் தீரவில்லை. நாடு முழுவதும் இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்குச் சொன்னது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசு முதலில் அறிவித்த உதவித்தொகை 1,000 ரிங்கிட். ஒரு குளிர்பெட்டி வாங்கினால் மெத்தைக்கு மிச்சமிருக்காது.