பிரெந்தாக் கரை மாளிகைகள்

பதுவா நகரத்திற்குக் கிழக்கே ஸ்திரா என்னும் சிற்றூரில் தொடங்கி, வெனிஸ் நகரத்துக்கு எதிரே ஃபுசீனா என்னுமிடத்தில் உப்பங்கழியோடு கலக்கும் பிரெந்தாக் கால்வாயின் கரை, இத்தாலிக்குப் போகும் பிரயாணிகளுள் அவசரம் இல்லாதவர்களுக்கு மிகவும் ஏற்ற மார்க்கம். ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழியில் மேடென்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. சைக்கிளில் செல்பவர் மூச்சு வாங்க வேண்டியதில்லை. நடந்து செல்பவர் அதை இரண்டு நாட் பிரயாணமாக வைத்துக்கொண்டால், பழைய வெனிஸ் பிரபுக்கள் கட்டிய மாளிகைகளை ஆற அமரப் பார்த்துக்கொண்டே போகலாம். கால்களுக்குச் சௌகரியமான இந்தச் சமதளந்தான் அப்பிரதேசத்தின் சரித்திரத்துக்கும் மூலகாரணம். சரிவு குறைந்த நிலத்தில் நதி மெல்ல நடக்கும். மெல்ல நடக்கும் நதி சுமந்து வந்த வண்டலை வழியிலே இறக்கிவிடும். அந்த வண்டலைக் கண்டு வெனிஸ் குடியரசு அஞ்சிய அளவுக்குத் துருக்கிய சுல்தானைக் கண்டும் அஞ்சியதோ என்பது சந்தேகம்.

பிரெந்தா நதி ஆல்ப்ஸ் மலைச்சாரலிலே லேவிக்கோ, கல்தொனாட்ஸோ என்ற இரண்டு ஏரிகளிலிருந்து பிறந்து, பஸ்ஸானோவைக் கடந்து சமவெளிக்கு இறங்கி, ஆதியில் வெனிஸுக்கு நேர் எதிரிலேயே கழியில் விழுந்துகொண்டிருந்தது. நன்னீர் புகுந்த இடத்தில் நாணல் வளர்ந்தது, வண்டல் படிந்த இடத்தில் கழி தூர்ந்தது, காய்ச்சல் பரவியது. கோட்டை மதில் இல்லாத நகரத்துக்குக் கழியே அகழியாக இருந்தபடியால், அகழி தூர்வதைப் பார்த்துக்கொண்டு எந்த ராஜ்யமும் சும்மா இருக்க முடியாது. ஆகவே 1501இல் நீர்நிலைகளைக் கவனிப்பதற்கென்றே தனி அதிகார பீடம் ஒன்றை நிறுவிய அக்குடியரசு, 1507இல் தோலோ என்னும் ஊரிலிருந்து ஒரு வெட்டாறு வெட்டியும், 1610இல் மீராவிலிருந்து இன்னொன்று வெட்டியும், நதியைத் தெற்கே வெகுதூரம் தள்ளிக் கியோஜ்ஜாவின் பக்கமாகக் கடலுக்கு அனுப்பிவிட்டது. பழைய படுகையிலே மதகுகளால் கட்டுப்படுத்திய கொஞ்சம் நீர் மாத்திரம் படகுப் போக்குவரத்துக்காக விடப்பட்டது. இன்று பிரயாணிகள் ஆறென்று எண்ணிப் பக்கத்தில் நடந்து போவது, ஆறு வெளியேற்றப்பட்ட பிறகு எஞ்சிய தடத்தைத்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாசலில் வராதே என்று விரட்டப்பட்ட அதே நதியின் நீரைத்தான் வெனிஸ் குடித்தது. மழை நீரைச் சேமிக்கும் கிணறுகள் வறண்ட காலத்தில், தோலோவிலிருந்து கால்வாயை ஒட்டிக் கொண்டுவரப்பட்ட சேரியோலா என்னும் சிறு வாய்க்காலின் நீரைத் தண்ணீர்ப் படகுக்காரர்கள் நிரப்பிச் சென்று நகரத்திலே விநியோகித்தார்கள். 1884இல் குழாய் வரும் வரையில் இந்த ஏற்பாடு நீடித்தது. மாளிகைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த வாய்க்காலை ஒரு வரியில் தள்ளிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிரபுக்கள் கடலை விட்டு நிலத்துக்கு வந்தது ஏன் என்பதற்கு எளிய விடை ஒன்று உண்டு. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கினான். மலையாளத்து மிளகு லிஸ்பனுக்குப் போயிற்று. வெனிஸின் வாணிகம் க்ஷீணித்தது. செல்வர்கள் வயல்களை வாங்கினார்கள் என்று பாடப்புத்தகங்கள் கூறும். இது பாதி உண்மை. முதல் அதிர்ச்சி தணிந்தபின், பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலே செங்கடல் வழியாக மிளகு மறுபடியும் அலெக்சாந்திரியாவுக்கு ஏராளமாக வந்தது. வெனிஸ் கப்பல்களும் அதை ஏற்றிச் சென்றன. மிளகு போனது மட்டுமன்றித் தானியத்தின் விலை ஏறியதும் ஒரு காரணமென்று கொள்வதே பொருத்தம். ஜனத்தொகை பெருகிற்று, கோதுமைக்கு அந்நியர் கையை எதிர்பார்ப்பது அபாயமாயிற்று, 1405 முதல் குடியரசின் ஆட்சியிலிருந்த பதுவா நாட்டிலோ சதுப்பு நிலம் வேண்டிய மட்டும் கிடந்தது. 1556இல் தரிசு நிலங்களைச் சீர்திருத்தவும் ஒரு சபை ஏற்பட்டது. ஆகையால் முதலில் எழுந்த மாளிகைகள் கேளிக்கைக்காக மாத்திரம் எழுந்தவையல்ல. களஞ்சியமும் தொழுவமும் காரியஸ்தனின் கணக்கும் உடைய பண்ணை வீடுகளும் அவற்றில் பல.

இருநூறு ஆண்டுகளில் கணக்குப் புத்தகம் பின்னுக்குப் போய்ச் சீட்டாட்ட மேஜை முன்னுக்கு வந்தது. பதுவாவில் அடங்கியிருப்பவரும், நம் நாட்டிலே கோடி அற்புதர் என்று வணங்கப்படுபவருமான புனித அந்தோணியாரின் ஜூன் மாதத் திருநாளை ஒட்டி வெனிஸ் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டு ஜூலை இறுதிவரை கரையிலே தங்கும். பிறகு அக்டோபர் தொடங்கி நவம்பர் நடுவரை மறுபடியும் ஒரு பருவம். இந்த வாசத்துக்காகக் கடன் வாங்கி, அண்டை வீட்டாரை மிஞ்ச வேண்டுமென்று புதிய உடை தைத்துக்கொள்ளும் மோகத்தைக் கொல்தோனி 1761இல் தொடர்ச்சியான மூன்று நாடகங்களாக எழுதி நகைத்திருக்கிறார். வந்து சேர்ந்த வாகனமோ புர்கியெல்லோ என்னும் அறை வைத்த படகு. கழியைக் கடந்து ஃபுசீனாவில் கால்வாய்க்குள் புகுந்ததும், கரையிலே நடக்கும் குதிரைகள் கயிறு கொண்டு அதை இழுக்கும். மொரன்ஸானியிலும் மீராவிலும் தோலோவிலும் மதகுக் கதவுகளுக்கிடையே நீர் ஏறும் வரையில் காத்திருந்து, படி ஏறுவது போலப் படகு மேலே செல்லும். விருந்தினர் தண்ணீர் வழியே வந்தமையால் வீடுகளின் முகப்பெல்லாம் தண்ணீரைப் பார்த்து நின்றன. தூண்களும் சிலைகளும் குதிரை நடைக்கு ஏற்ற வேகத்தில் கண்ணுக்குப் புலப்படுமாறு அமைந்தன. மோட்டார் காரில் இக்கரையில் விரைகிறவர்களுக்கு மதிலும் மரமும் மாத்திரம் தெரிவதில் ஆச்சரியமில்லை. லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையை ஒதுக்கிவிட்டு, எதிர்க்கரைச் சிறு பாதைகளைப் பிடித்துச் செல்வோருக்கே பழைய காட்சி கிடைக்கும்.

1786 செப்டம்பர் 28ஆம் தேதி ஜெர்மன் கவி கதே பதுவாவில் படகேறி, ஜெர்மனியிலிருந்து வந்த இரண்டு யாத்திரிகர்களோடு உரையாடிக்கொண்டே இந்த நீர்வழியாக வெனிஸை அடைந்தார். நாமும் அவரைப் போல நீரோட்டத்தோடு கீழ்நோக்கிச் செல்வோமானால், இடம் முன்னே செல்லச் செல்லக் காலம் பின்னே செல்வதைக் காணலாம். ஏனெனில் மிகப் பெரியதும் பிற்பட்டதுமான மாளிகை தொடக்கத்திலும், கட்டடக் கலைஞர் பல்லாதியோ கட்டிய வீடு முடிவிலும் இருக்கின்றன.

ஸ்திராவிலுள்ள பிசானி மாளிகை, 1735இல் அல்விசே பிசானி குடியரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெருமையை உலகுக்கு அறிவிக்க எழுந்தது. முதலில் திட்டமிட்ட ஃப்ரிஜிமேலிக்கா தோட்டத்தையும் லாயங்களையும், இன்றும் பிரயாணிகளைத் திணறவைக்கும் வேலி வளைவுகளாலான சுழல்வழியையும் அமைத்து மறைந்தார். வீட்டைக் கட்டியவர் ப்ரேதி. அதன் நடன மண்டபத்து விதானத்திலே பிசானி குடும்பத்தைத் தேவர்களோடு ஆகாயத்தில் அமர்த்தி எழுதிய தியெப்போலோ, அவ்வேலை முடிந்து 1762இல் ஸ்பெயின் தேசம் சென்றவர் திரும்பவேயில்லை. ஆகாயத்தில் அமர்ந்த குடும்பத்துக்கு நிலத்தில் கடன் ஏறியது. 1807இல் மாளிகையை நெப்போலியன் வாங்கி, தன் வளர்ப்பு மகன் யூஜீனுக்குக் கொடுத்தான். 1934 ஜூனில் ஹிட்லரும் முஸோலினியும் முதல்முதலாகச் சந்தித்ததும் இங்கேதான். தோட்டத்தின் நடுவே கண்ணாடிபோல் நீண்டு கிடக்கும் தடாகத்தைப் பிரபுக்களின் ரசனைக்குச் சான்றாகப் புகழாதவர் குறைவு. அது 1911இல் பதுவா சர்வகலாசாலையார் நீரியல் பரிசோதனைக்காக வெட்டியது!

தோலோவின் மதகையும் ஆலையையும் கனலெத்தோ முதலிய சித்திரக்காரர்கள் படமாக்கியிருக்கிறார்கள். தோலோவுக்கும் மீராவுக்கும் இடையே நின்ற ஃபீனி மாளிகை, 2015 ஜூலை 8ஆம் தேதி அடித்த சூறாவளியில் சில நிமிஷங்களில் இடிந்து குவியலாயிற்று. மீராவிலே 1817இல் வீடு எடுத்துத் தங்கிய பைரன், தமது நீண்ட யாத்திரைக் காவியத்தின் நான்காம் காண்டத்தை அங்கே எழுதினார்; 1819இல் தம் சுயசரிதையின் கையெழுத்துப் பிரதியை நண்பர் தாமஸ் மூரிடம் ஒப்படைத்ததும் அவ்விடத்தில்தான். அப்பிரதியைக் கவியின் மரணத்துக்குப்பின் லண்டன் நண்பர்கள் நெருப்பிலிட்டார்கள். அவ்வூரிலேயே கொந்தரீனி குடும்பத்து மாளிகையில், பிரெஞ்சு மன்னன் மூன்றாம் ஹென்றி 1574இல் வந்திறங்கியதைத் தியெப்போலோ சுவரில் எழுதியிருந்தார். சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட அச்சித்திரத்தை 1893 முதல் பாரிஸில்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக வருவது மால்கொந்தெந்தா. 1560ஐ ஒட்டி நிக்கோலோ, அல்விசே என்ற ஃபொஸ்காரி சகோதரர்களுக்காகப் பல்லாதியோ கட்டிய இவ்வீட்டிலே ஒழுக்கம் தவறிய மனைவியொருத்தி சிறைவைக்கப்பட்டாள் என்ற கதையைப் படகோட்டிகள் சொல்வார்கள். ஊரின் பெயரோ வீட்டினும் பழையது, ஆகவே கதையை விட்டுவிடலாம். வெள்ளம் புகாமல் உயர்த்திய அடித்தளத்தின்மேல், ஆலய முகப்புப்போல் ஆறு தூண்கள் கால்வாயை நோக்கி நிற்கின்றன. பார்வைக்குச் சலவைக்கல் போலத் தோன்றும் அத்தூண்கள் வெறும் செங்கல்லும் சுதையுமே. விலையுயர்ந்த கல்லில்லாமல் அளவின் பொருத்தத்தால் மாத்திரம் கம்பீரத்தை வரவழைத்த இந்த வீட்டுக்கு முன்னால், பிசானி மாளிகையின் ஆடம்பரம் எனக்குச் சற்றுச் சிறுத்தே தோன்றுகிறது.

1797இல் குடியரசு விழுந்தபின் ஃபொஸ்காரிகளின் கைவிட்டுப் போய், விளைபொருள் கொட்டும் இடமாகச் சீரழிந்திருந்த அவ்வீட்டை, 1920களில் லாண்ட்ஸ்பெர்க் என்னும் ரசிகர் வாங்கிப் புதுப்பித்தார். 1973இல் அது மீண்டும் ஃபொஸ்காரி வம்சத்தாரையே அடைந்தது. அதற்கிடையில் 1917இல் ஸ்தாபிக்கப்பட்ட மர்கெரா துறைமுகத்தின் தொழிற்சாலைகள் அருகே வந்துவிட்டன. புகைபோக்கிகளைப் பார்க்க விரும்பாதவர்கள் இங்கேயே சைக்கிளைத் திருப்பிக்கொள்ளலாம். மற்றவர்கள் இன்னும் சில கிலோமீட்டர் சென்றால் ஃபுசீனாவை அடைவார்கள், அங்கிருந்து வெனிஸுக்கு இன்றும் படகு போகிறது.