மயிலைப் பெருவிழாவும் பிறவிப் பயனும்



பங்குனித் திங்களில் திருமயிலைக் கபாலீச்சரத்துப் பெருமானுக்குப் பத்து நாள் பெருவிழா நடைபெறுகின்றது. அதன் எட்டாம் நாளில் அறுபத்துமூவர் திருவீதியுலாவைக் காணத் திரளும் கூட்டம் மாடவீதிகளில் அடங்குவதில்லை. அத்திருநாளின் பொருளை இன்று சிறிது சிந்திப்போம்.

7ஆம் நூற்றாண்டில் மயிலையில் வாழ்ந்த வணிகர் சிவநேசர். அவர்தம் அருமை மகள் பூம்பாவை, பூசைக்கு மலர் கொய்யச் சென்றவிடத்து அரவு தீண்டி உயிர் நீத்தாள். அவளைத் திருஞானசம்பந்தப் பெருமானுக்கு உரியவளென்று முன்னரே உறுதி பூண்டிருந்த தந்தையார், சாம்பலையும் எலும்பையும் குடத்திலிட்டுக் காத்து வந்தார். திருவொற்றியூரினின்று பிள்ளையார் மயிலைக்கு எழுந்தருளினார். குடத்தைத் திருமதிற்புறத்தே வைக்கச் செய்து, பதிகம் பாடியருளினார். குடம் உடைந்தது; பூம்பாவை எழுந்தாள்.

இரண்டாம் திருமுறையிலுள்ள அப்பதிகத்தில் ஒரு வியப்பு உண்டு. இறந்தவளை எழுப்ப வந்தவர் மந்திரம் கூறவில்லை, மருந்தும் தரவில்லை. இன்ன விழாவைக் காணாமற் போவாயோ என்று பாட்டுத்தோறும் வினவுகின்றார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி, பொன்னூசல், பெருஞ்சாந்தி என்று மயிலையின் விழாக்கள் நிரலே வருகின்றன. ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன் ஒரு திருக்கோயிலில் என்னென்ன விழாக்கள் நடந்தன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அடியேன் இளமையில் பாடம் கேட்டபோது, ஆசிரியர் இப்பதிகத்தைத் தொடங்கியவுடன் நிறுத்தி, “முதற்பாட்டில் விழா எங்கே?” என்று வினவினார். மாணாக்கர் அனைவரும் திங்களின் பெயரைத் தேடினோம், நாளின் பெயரைத் தேடினோம், இரண்டும் கிட்டவில்லை. “அடியவர்க்கு அமுதூட்டுதலே அங்கே விழா. சோறிட்ட பின்னரே ஓணமும் ஆதிரையும்,” என்றார் ஆசிரியர். அன்று கேட்ட சொல் இன்றும் என் செவியில் நிற்கின்றது.

12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் அருளிய சேக்கிழார் பெருமான் இக்கருத்தை நன்கு விளக்கியுள்ளார். மண்ணிற் பிறந்தார் அடையத்தக்க பயன் இரண்டு: சிவனடியாரை அமுது செய்வித்தல் ஒன்று, சிவபெருமானின் விழாப் பொலிவைக் கண்ணாரக் காணுதல் மற்றொன்று. ஈண்டும் அமுதூட்டுதலே முன்னிற்றலைக் காண்க. இவ்விரண்டும் உண்மையாயின் உலகர் காண வருக என்பதே பிள்ளையார் பூம்பாவைக்கு இட்ட ஆணை. ஆதலின், அவள் உயிர் மீண்டமை இவ்விரு பயனுக்கும் சான்றாயிற்று.

பிள்ளையார் பாடிய கபாலீச்சரம் கடற்கரையில் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் சாந்தோமில் குடியேறிய பின்னர் அப்பழங்கோயில் அழிவுற்றது. அதன் கல்வெட்டுத் துண்டுகள் அப்பகுதியில் கிடைத்துள்ளன. இன்று நாம் வழிபடும் திருக்கோயில் பிற்காலத்தில் வேறிடத்தில் எழுந்தது. கோயில் இடம் பெயர்ந்தது, விழா பெயரவில்லை. எட்டாம் நாள் காலையில் பூம்பாவை எழுந்த நிகழ்ச்சி இன்றும் நடத்திக் காட்டப்பெறுகின்றது. மாலையில் கபாலீச்சரரும் கற்பகாம்பாளும் அறுபத்துமூவரோடு உலா வருகின்றனர். அவ்வேளையில் தெருத்தோறும் அன்னமும் நீர்மோரும் பானகமும் வழங்கப்பெறுகின்றன.

இவ்வழக்கம் வெயிலுக்கு இரங்கிச் செய்யும் உபசாரம் மட்டும் அன்று. பதிகத்தின் முதற்பாட்டே வீதியில் நடைபெறுகின்றது என்று கொள்க. காலையில் உயிர்த்தெழுந்த பூம்பாவையிடம் பிள்ளையார் கேட்ட வினாவுக்கு, மாலையில் ஊர் முழுதும் விடையளிக்கின்றது.

ஆயினும் இன்று நாம் செய்வது என்ன? கண்டு மகிழ்கின்றோம், வீடு திரும்புகின்றோம். இரண்டு பயனில் ஒன்றை மட்டும் பெற்று, முதலாவதை மறந்து விடுகின்றோம். சிலர் வழங்குகின்றனர், ஆனால் பெறுவோரை இரவலராக எண்ணி வழங்குகின்றனர். சேக்கிழார் கூறியது பிச்சையிடுதல் அன்று, அமுது செய்வித்தல். வாங்கும் கை அடியார் திருக்கை என்று எண்ணி வணங்கி இடுதல் வேண்டும். பெறுவோரும் அதனைப் பிரசாதமாக ஏற்றல் வேண்டும். வீதியில் எறிதல் தகாது.

2020ஆம் ஆண்டுப் பங்குனியில் ஊரடங்கின் காரணமாக மாடவீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. காணாமற் போவாயோ என்ற வினாவின் வலியை அன்று நாம் உணர்ந்தோம். கிடைத்த விழாவை எளிதாக எண்ணலாகாது. அடுத்த பங்குனியில் மயிலைக்கு வரும் அன்பர் ஒவ்வொருவரும், ஒரு குவளை மோரேனும் தம் கையால் ஓர் அடியவர்க்கு அளித்த பின்னரே உலாவைக் காண நிமிர்வாராக. பிறவிப் பயன் இரண்டும் ஒருங்கே கைகூடும்.

திருச்சிற்றம்பலம்.