பார்க்க முடியாத பந்தயத்தை எழுதியவர்கள்

டூர் டி பிரான்ஸைப் பார்க்க வீதியோரத்தில் நிற்கிற ஒருவருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? யூலை வெயிலில், காலமையே மடக்குக் கதிரையும் குடையும் சாப்பாட்டுப் பெட்டியுமாக வந்து இடம் பிடிக்க வேண்டும். முதலில் விளம்பர வாகனங்கள் வரும். தொப்பியும் இனிப்பும் எறிந்துகொண்டு போகும். பேந்து இன்னும் காத்திருப்பு. கடைசியில் சைக்கிள்கள் வரும். சமதரை வீதி என்றால் முழுக்கூட்டமும் ஒரு நிமிடத்துக்குள் கடந்துபோய்விடும். யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்று பிடிபடுவதற்குள் காற்றும் சில்லுச் சத்தமும்தான் மிச்சம். கதிரையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

கிரிக்கெட் மாதிரி ஒரு மைதானத்தில் இருந்து முழுதாகப் பார்க்கிற விளையாட்டு இல்லை இது. ஆனாலும் 1903இல் தொடங்கி, இரண்டு உலகப் போர்க்காலங்களையும் தவிர்த்து, ஒவ்வொரு வருசமும் நடக்கிறது, சனமும் வீதிக்கு வருகிறது. ஏன் என்று தேடிப்போனால் கிடைக்கிற விடை கொஞ்சம் விசித்திரமானது. இந்தப் பந்தயம் உண்டாக்கப்பட்டதே வாசிப்பதற்காகத்தான்.

பாரிஸில் அப்போது ‘லு வெலோ’ என்று ஒரு விளையாட்டுப் பத்திரிகை இருந்தது. பச்சைத் தாளில் அச்சடிப்பார்கள். நாட்டையே இரண்டாகப் பிரித்த ட்ரைஃபஸ் வழக்கு நடந்த காலம். அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் பியெர் ஜிஃபார் ட்ரைஃபஸின் பக்கம் நின்றார். விளம்பரம் கொடுத்த பெரிய கார்க் கம்பனிக்காரர் சிலர் எதிர்ப்பக்கம். அவர்கள் பிரிந்துபோய் 1900இல் போட்டிக்கு ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அதுதான் மஞ்சள் தாளில் வந்த ‘லொத்தோ’. ஆசிரியர் ஹென்றி டெக்ரான்ஜ். பத்திரிகை விற்கவில்லை. 1902 நவம்பரில் ஒரு மத்தியானச் சாப்பாட்டில், ஜியோ லெஃபெவ்ர் என்ற இளம் நிருபர், பிரான்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வருகிற ஒரு பந்தயம் வைத்தால் என்ன என்று கேட்டார். அவ்வளவுதான் ஆரம்பம். விற்காத பேப்பரை விற்கவைக்க ஒரு யோசனை.

1903 யூலை 1ஆந் திகதி பாரிசுக்கு வெளியே மொன்ஜெரோன் என்ற ஊரில், ஒரு கோப்பிக்கடை வாசலில் இருந்து 60 பேர் புறப்பட்டார்கள். ஆறே ஆறு கட்டங்கள், மொத்தம் 2,428 கிலோமீற்றர். முதற்கட்டம் மட்டும் 467 கிலோமீற்றர், லியோன் வரைக்கும். வென்ற மொரிஸ் கரானுக்கே அதை முடிக்கப் பதினேழே முக்கால் மணித்தியாலம் பிடித்தது. இரவிரவாக, விளக்கில்லாத வீதிகளில் ஓடுகிற ஓட்டத்தை யார் பார்ப்பது? பந்தயத்தை ஒழுங்குசெய்தவரும், நடுவரும், நிருபரும் எல்லாம் லெஃபெவ்ர்தான். கொஞ்சத் தூரம் சைக்கிளில், மிச்சத் தூரம் ரயிலில் என்று பின்னால் போனார். ஆசிரியர் டெக்ரான்ஜ் அந்த முதல் வருசம் கூடப் போகவேயில்லை. பத்திரிகையில் பந்தயத்தைப் பற்றிச் சாங்கோபாங்கமாக எழுதினார். 25,000 அளவில் இருந்த விற்பனை 65,000 அளவுக்குப் போனது. அடுத்த வருசமே பச்சைப் பேப்பர் மூடப்பட்டது.

வரலாறு படிக்கிற எங்களுக்கு இந்த இடத்தில் ஒரு பொறி தட்டுகிறது. நிகழ்ச்சியை நடத்துகிறவன்தான் அதை எழுதுகிறவனும். அதை விற்றுக் காசாக்குகிறவனும் அவன்தான். முதலாம் வருசத்தில் மூலாதாரம் பற்றி வகுப்பில் சொல்லித்தந்ததுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1913ஆம் வருசக் கதையை எடுங்கள். பிரனீஸ் மலையில் துர்மலே கணவாயில் இருந்து இறங்கும்போது யூஜின் கிறிஸ்தோஃப் என்பவருடைய சைக்கிளின் முன் ஃபோர்க் உடைந்தது. வெளியாள் உதவி செய்யக்கூடாது என்பது விதி. சைக்கிளைத் தோளில் காவிக்கொண்டு கிட்டத்தட்ட 14 கிலோமீற்றர் நடந்து சென் மரி து கம்பான் என்ற கிராமத்துக்கு வந்தார். அங்கே ஒரு கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்துத் திருத்தினார். பந்தய அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெடியன் துருத்தி ஊதினான் என்பதற்காக அவருக்கு நேரத்தண்டனையும் போட்டார்கள். கதையைக் கேட்டால் யாருக்கும் அவர் மேல் இரக்கம் வரும், அதிகாரிகள் மேல் கோபம் வரும். ஆனால் அந்தக் கொடூர விதியைப் போட்டதும், அந்த விதியால் வந்த இரக்கத்தை அடுத்தநாள் விற்றதும் ஒரே பத்திரிகைதான். அதற்காக வாசித்த சனத்தைக் குறைசொல்ல ஏலாது. 1919இல் கிறிஸ்தோஃப் முன்னணியில், புதிதாக வந்த மஞ்சள் மேலாடையோடு ஓடிக்கொண்டிருந்தபோது, முடிவதற்கு ஒரு கட்டம் முன்னால் திரும்பவும் ஃபோர்க் உடைந்தது. வாசகர்கள் தங்கள் பாட்டில் காசு அனுப்பினார்கள். சேர்ந்த தொகை, வென்றவருக்குக் கிடைத்த பரிசைவிடக் கூட. போர் முடிந்து வருசம்கூட ஆகாத நாடு அது.

வெளியில் இருந்து வந்து எழுதியவர் என்றால் அல்பேர் லோந்த்ர். சைக்கிள் நிருபர் அல்ல. தென்னமெரிக்காவில் பிரெஞ்சுக் குடியேற்றமான கயானாவின் கைதிகள் முகாமைப் பற்றி எழுதி நாட்டை உலுக்கியவர். 1924இல் இந்தப் பந்தயத்தைப் பின்தொடர்ந்தார். மூன்றாம் கட்டத்தில் முந்தைய வருச வெற்றியாளர் ஹென்றி பெலிசியே, தம்பி ஃபிரான்சிஸோடும் இன்னொருவரோடும் சேர்ந்து ஓட்டத்தை விட்டுவிட்டார். காரணம் ஒரு மேலாடை. காலமைக் குளிருக்கு இரண்டு போட்டுக்கொண்டு புறப்பட்டு, வெயில் ஏற ஒன்றைக் கழற்றி எறிகிறாரா என்று அதிகாரி சோதனை போட்டார். குத்தான்ஸ் ஊரில் ஒரு கோப்பிக்கடையில் லோந்த்ர் அவர்களைப் பிடித்தார். கண்ணுக்கு இது, உடம்புக்கு இது என்று பையில் இருந்த மருந்துகளை எடுத்து மேசையில் வைத்தார்கள். கைதிகள் முகாமைப் பார்த்துவிட்டு வந்தவர், இவர்களையும் வீதியின் கைதிகளாகத்தான் கண்டார். அந்தக் கட்டுரை இன்றைக்கும் வாசிக்கப்படுகிறது. இதற்கும் ஒரு பின்கதை இருக்கிறது. கன காலத்துக்குப் பிறகு ஃபிரான்சிஸ், அந்தாளுக்குச் சைக்கிளோட்டம் தெரியாது, நாங்கள் கொஞ்சம் கூட்டித்தான் விட்டோம் என்ற மாதிரிச் சொன்னார். அப்ப எது உண்மை? கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்களின் களைப்பைப் பந்தயக்காரரின் சொந்தப் பத்திரிகை அப்படி எழுதியிருக்காது என்பதும் உண்மை. எங்களுக்கு லோந்த்ர் மேல் நம்பிக்கை இன்னும் போகவில்லை.

இதையெல்லாம் வாசித்தவர்கள் யார்? 1936க்கு முதல் பெரும்பாலான தொழிலாளிக்கு யூலை என்பதும் வேலை செய்கிற இன்னொரு மாதம்தான். அந்த வருசம் மக்கள் முன்னணி அரசாங்கம் சம்பளத்தோடு இரண்டு கிழமை லீவைச் சட்டமாக்கியது. குறைந்த விலை ரயில் ரிக்கெற்றும் வந்தது. சனம் ரயிலிலும், இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிளிலும் கடலுக்கும் மலைக்கும் கிளம்பியது. கோடை என்பது வசதிக்காரரின் சொத்தாக இருந்த நிலை அப்போது மாறத் தொடங்கியது. அதே மூன்று கிழமைக்குள்தான் பந்தயமும். 1930 அளவிலேயே ரேடியோ வந்துவிட்டது, விளம்பர வாகன ஊர்வலமும் வந்துவிட்டது. பின்னேரம் கோப்பிக்கடை ரேடியோவைச் சுற்றி நின்று கேட்பது, அடுத்தநாள் பேப்பரில் அதையே திரும்ப வாசிப்பது. சின்னப் பிள்ளைகள் போத்தல் மூடிகளுக்கு வீரர்களின் பெயர் வைத்து, கடற்கரை மணலில் பாதை கீறி, விரலால் சுண்டி ஓட்டினார்கள். இந்தப் போத்தல் மூடி விளையாட்டைப் பற்றி வாசித்தபோது எங்களுக்குப் பந்தயத்தையே விட அதுதான் பிடித்துப்போனது. கண்ணால் பார்க்காத மலையை மணலில் கட்டி, பார்க்காத மனுசனை அதில் ஏற்றுகிறார்கள்.

போருக்குப் பிறகு எழுத்தாளர்களும் இதில் இறங்கினார்கள். அந்துவான் புளொந்தான் என்ற நாவலாசிரியர் 1954 தொடக்கம் 1982 வரை ‘லெக்கிப்’ பத்திரிகைக்காக 27 தடவை பந்தயத்தோடு காரில் போய், 500க்கு மேற்பட்ட பத்திகள் எழுதினார். ரோலான் பார்த் 1957இல் வந்த தன் புத்தகத்தில் இதைக் காவியமாக வாசித்தார். வீரர்களின் பெயர்களே காவிய நாயகர் பெயர் மாதிரி, வொந்தூ மலை பலி கேட்கிற ஒரு கொடுந்தெய்வம் மாதிரி. வாசிக்க வடிவான கட்டுரைதான். ஆனால் காவியம் என்று சொல்லிவிட்டால் சம்பளம், விதி, மருந்து எல்லாம் கண்ணில் இருந்து மறைந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது.

எங்களுக்கு இவர்கள் எல்லோரையும்விடக் கிட்டத்து ஆள் டிம் கிராபே. நெதர்லாந்துக்காரர், எழுத்தாளர், நல்ல செஸ் ஆட்டக்காரரும். முப்பது வயதை அண்டித்தான் பந்தயச் சைக்கிளில் ஏறினார். தொழில்முறை வீரர் இல்லை. 1978இல் வந்த அவருடைய நாவல் முழுக்க ஒரேயொரு பந்தயம்தான். தென் பிரான்சில் ஒரு மலைப்பகுதியில், பெரிய பெயர் எதுவும் இல்லாதவர்கள் ஓடுகிற ஒரு நாள் ஓட்டம். கிலோமீற்றர் கிலோமீற்றராக எழுதுகிறார். கால் என்ன செய்கிறது, மூளை எங்கே அலைகிறது, முன்னால் போகிறவன் மேல் எவ்வளவு எரிச்சல் வருகிறது என்று எல்லாம். காரில் இருந்து பார்த்தவர்களுக்குக் கிடைக்காத விஷயம் இது. பொழுதுபோக்குக்கு ஓடி, அதை எழுதிய ஒருவர், இந்த விளையாட்டைப் பற்றிய மிகச்சிறந்த புத்தகங்களில் ஒன்றைத் தந்துவிட்டார்.

எங்களில் ஒருத்தரிடமும் பந்தயச் சைக்கிள் இல்லை. இருக்கிறது ஒரு பழைய லுமாலா, அதுக்கும் பின் பிரேக் இல்லை. அங்கே பின்னேரம் ஐந்தரைக்கு முடிகிற கட்டம் இங்கே இரவு ஒன்பது மணி. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு போனைச் சுற்றி இருந்து, டேட்டா முடியும்வரைக்கும் பார்ப்போம். பிறகு யாராவது ஒரு பக்கம் எழுதுவோம். போத்தல் மூடி விளையாட்டு மாதிரித்தான்.

2024 யூலை 1ஆந் திகதி இத்தாலியின் தூரினில் முடிந்த கட்டத்தை எரித்திரியாவின் பினியம் கிர்மாய் வென்றார். டூரில் ஒரு கட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஆபிரிக்கர். ஆபிரிக்காவில் இருந்து அவருக்கு முதல் யார் யார் வந்தார்கள் என்று தேடியதில், அப்தெல் காதெர் ஸாஃப் அகப்பட்டார். அகப்பட்டது ஒரு பகிடியாகத்தான். 1950, பேர்ப்பிஞ்ஞான் தொடக்கம் நீம் வரையான கட்டம், கொதிக்கிற வெயில். வட ஆபிரிக்க அணியில் ஓடிய ஸாஃபும் மார்செல் மொலினெஸும் எல்லோரையும் விட்டுவிட்டு முன்னுக்குப் போனார்கள். முடிவு கிட்டிய நேரம் ஸாஃப் தள்ளாடி விழுந்தார். ஒரு மர நிழலில் கிடந்தார். எழும்பிச் சைக்கிளில் ஏறி, வந்த திசையிலேயே திரும்பி ஓடினார். பகிடி என்னவென்றால், முஸ்லிமான அவர், வீதியில் யாரோ கொடுத்த வைனைக் குடித்து வெறித்துப்போனாராம். மரத்தடியில் கிடக்கிற படத்தோடு இந்தக் கதை எழுபது வருசத்துக்கு மேலாக ஓடித்திரிகிறது.

ஆனால் இன்னொரு கதையும் இருக்கிறது. வெயிலில் மயங்கி விழுந்தவரைத் தெளியவைக்க, கையில் இருந்த வைனைச் சனம் அவர் மேல் ஊற்றியதாம். மணம் அதனால் வந்ததாம். அந்தக் காலத்து வீரர்கள் விழுங்கிய ஊக்கமருந்துதான் காரணம் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. எது நடந்திருந்தாலும், மூன்றில் எது பத்திரிகைக்குப் பிடித்தது என்பதில் சந்தேகமில்லை. அல்ஜீரியா அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்தது. விடுதலைப் போர் தொடங்க இன்னும் நாலு வருசம். குடிக்கக் கூடாதவன் குடித்தான், திசை தெரியாமல் ஓடினான் என்ற கதை அந்த நேரத்துக்கு எவ்வளவு வசதியாகப் பொருந்துகிறது! அதே வெயிலில் பெலிசியே விழுந்திருந்தால் அது காவியமாகியிருக்கும். அல்ஜீரியாவில் பிறந்த மொலினெஸ் அன்றைய கட்டத்தை வென்றார். அவருடைய பெயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஸாஃபைப் பற்றி நாங்கள் எழுதப்போகிற பக்கத்துக்கு மரத்தடிப் படம் வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறோம். அதில் ஒரு ஆளுக்கு உடன்பாடில்லை. படத்தைப் போட்டுவிட்டுத்தான் அதைக் கேள்வி கேட்கவேண்டும் என்கிறார், அதிலும் நியாயம் இருக்கிறது. வாதம் இன்னும் முடியவில்லை. கட்டுரையின் கடைசி வரி மட்டும் முடிவாகிவிட்டது: ஸாஃப் 1951இல் திரும்பவும் வந்தார், பாரிஸ் வரைக்கும் ஓடி முடித்தார், முடித்த 66 பேரில் 66ஆவதாக.