தரவு பிறக்கும் இடம்: இணையவழி நோய்ப்பரவலியல் முதுநிலைக் கல்வி குறித்து ஒரு விவாதம்

நோய்ப்பரவலியலில் முதுநிலைப் பட்டத்தை ஊரைவிட்டுப் போகாமலே பெறும் வாய்ப்பு இன்று பரவலாகிவிட்டது. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி லண்டன் பல்கலைக்கழகத்தின் வழியே தொலைநிலை எம்.எஸ்சி. படிப்பை நடத்துகிறது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரக் கல்லூரிகள் பல இணையவழி எம்.பி.எச். பட்டம் வழங்குகின்றன. பணியில் இருப்போரை மனத்தில் கொண்டே இவை வடிவமைக்கப்பட்டுள்ளன. இவற்றை ஐயுறுவோர், இது செருப்புத் தேய நடந்து கற்க வேண்டிய துறை, திரைமுன் அமர்ந்து கற்பது அல்ல என்கின்றனர். ஆதரிப்போர், துறையின் கருவிகள் புள்ளியியலும் கணினியும்தாம், அவற்றுக்கு வகுப்பறைச் சுவர்கள் எதற்கு என்று கேட்கின்றனர்.

இக்கட்டுரை இவ்விரு நிலைகளையும் ஏற்கவில்லை. இணையவழிப் பட்டத்தின் மெய்யான குறை தொலைவில் இல்லை. மாணவர் கையில் தரப்படும் ஆயத்தத் தரவில் இருக்கிறது. பிழை களைந்து அடுக்கப்பட்ட அட்டவணையைக் கொடுத்து அதிலிருந்து விகிதம் காணச் சொல்வது வளாகப் பட்டங்களிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் அதைக் களையும் வாய்ப்பு வளாகத்தைவிடத் தொலைநிலைக் கல்விக்கே மிகுதி என்பது என் வாதம்.

1. தொலைவு இத்துறைக்குப் புதிதன்று

நவீன நோய்ப்பரவலியலை வடித்தவர்களுள் முதன்மையானவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். மருத்துவம் படிக்க விரும்பிய அவர், முதல் உலகப்போரில் விமானியாகச் சென்று காசநோய்க்கு ஆளாகி, ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அந்நிலையில் அஞ்சல்வழியே பொருளியல் பயின்று, 1922இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகம் வளாகத்துக்கு வராதோர்க்கும் 1858 முதலே தேர்வுக் கதவைத் திறந்து வைத்திருந்தது. மருத்துவப் பட்டமே இல்லாத அந்த அஞ்சல்வழி மாணவர்தான் பின்னாளில் லண்டன் சுகாதாரக் கல்லூரியில் மருத்துவப் புள்ளியியல் பேராசிரியரானார்.

அவர் கற்பித்த முறையிலும் தொலைவு இருந்தது. மருத்துவர்களுக்குப் புள்ளியியலை விளக்கி ‘லான்செட்’ இதழில் அவர் எழுதிய தொடர் கட்டுரைகள் 1937இல் நூலாயின. அதைப் படித்துக் கற்ற தலைமுறைகளில் பெரும்பாலோர் அவரை நேரில் கண்டதில்லை. ஆய்விலும் அப்படியே. 1951இல் அவரும் ரிச்சர்ட் டாலும் பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஏறத்தாழ 59,600 பேருக்குப் புகைப்பழக்கம் குறித்த சிறு வினாநிரலை அஞ்சலில் அனுப்பினர். 40,000க்கும் மேற்பட்டோர் விடை எழுதினர். அம்மருத்துவர்களின் இறப்புகளைத் தொடர்ந்து பதிந்துவந்த அவ்வாய்வின் ஐம்பதாண்டு முடிவுகள் 2004இல் வெளியாயின. புகையிலைக்கு எதிரான மிக வலுவான சான்றுகளில் ஒன்று அஞ்சல் உறைகளில் வந்து சேர்ந்தது.

ஆகவே தொலைவில் இருந்து இத்துறையைக் கற்க முடியாது என்பதும், தொலைவில் இருந்து நல்ல ஆய்வு நடவாது என்பதும் வரலாற்றின்முன் நில்லா.

2. அட்டவணைக்கு முந்தைய உழைப்பு

ஆனால் அதே வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ நடத்திய ஆய்வின் முடிவு பாடநூல்களில் இரண்டே வரிகளில் வரும். சௌத்வார்க்–வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் நீர் போன 40,046 வீடுகளில் 1,263 இறப்புகள். லாம்பெத் நிறுவனத்தின் நீர் போன 26,107 வீடுகளில் 98 இறப்புகள். பத்தாயிரம் வீட்டுக்கு முறையே 315, 37. எட்டு மடங்குக்கும் மேற்பட்ட இவ்வேறுபாட்டை எந்த மாணவரும் ஐந்து நிமிடத்தில் கணக்கிடுவார்.

கடினம் அந்த 1,263க்கும் 98க்கும் இடையே கோடு கிழித்ததில் இருந்தது. இரு நிறுவனங்களின் குழாய்களும் ஒரே தெருவில் ஓடின. அடுத்தடுத்த வீடுகள் வெவ்வேறு நீரைக் குடித்தன. தண்ணீர்க் கட்டணத்தை வீட்டுக்காரர் செலுத்தியதால், குடியிருந்தோர் பலருக்குத் தம் குழாயில் வருவது எந்த நிறுவனத்தின் நீர் என்றே தெரியவில்லை. லாம்பெத் நிறுவனம் 1852இல் தன் நீரெடுப்பை ஆற்றின் மேற்புறத்துக்கு மாற்றிவிட்டிருந்தது. கீழ்ப்புறத்தில், நகரக் கழிவும் கடலோதமும் கலக்கும் இடத்தில் எடுத்த மற்றதன் நீரில் உப்பு பல மடங்கு மிகுதி. ஸ்னோ வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டிப் பார்த்து இரண்டையும் பிரித்தறிந்தார். கேள்விக்கு விடை சொல்ல ஆளில்லாத இடத்தில் விடையைப் பெற வேறு வழி கண்டதே அவ்வாய்வின் உயிர். அட்டவணையை மட்டும் பெறும் மாணவருக்கு அது தெரிய வழியில்லை.

பயிற்சிக் களங்களில் இன்றும் வழங்கும் ஆஸ்வீகோ பாடத்தைப் பாருங்கள். 1940 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ பகுதியில் ஒரு தேவாலய விருந்துக்குப் பின் விசாரிக்கப்பட்ட 75 பேரில் 46 பேருக்கு வயிற்றுநோய். வெனிலா ஐஸ்கிரீம் உண்ட 54 பேரில் 43 பேரும் உண்ணாத 21 பேரில் 3 பேரும் நோயுற்றனர். தாக்கு விகிதம், அதாவது நோயுற்றோர் பங்கு, முறையே 80 சதவீதம், 14 சதவீதம். இணையவழியில் கற்பிக்க இதைவிட வசதியான பாடம் இல்லை. ஆனால் மாணவர் பெறுவது விசாரணை முடிந்த பட்டியல். யாரை நோயாளி எனக் கொள்வது, நினைவு தப்பியவர் சொல்லை எப்படிக் குறிப்பது, உண்ணாமலே நோயுற்ற அந்த மூவரை எப்படி மீண்டும் விசாரிப்பது என்பவை அதில் எழவே எழா.

டாலும் ஹில்லும் இதை நன்கு உணர்ந்திருந்தனர். 1950இல் வெளியான அவர்களது மருத்துவமனை ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் என எண்ணி நேர்காணப்பட்ட சிலருக்கு அந்நோய் இல்லை எனப் பின்னர் தெரிந்தது. அவர்களை வெறுமனே கழித்துவிடாமல் அவர்களின் புகைப்பழக்கத்தைத் தனியே ஆராய்ந்தனர். அது புற்றுநோய் இல்லாதோரின் பழக்கத்தை ஒத்திருந்தது. நேர்காண்பவரின் முன்முடிவு விடைகளைத் திருத்திவிட்டது என்ற ஐயத்துக்கு அதுவே மறுப்பு. தரவு சேர்ந்த விதத்தை அறிந்தவருக்கே இத்தகைய சோதனை தோன்றும்.

3. தமிழகத்திலிருந்து ஒரு சான்று

நோய்ப்பரவலியலாளர்கள் வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் தம் குழுவினருடன் தமிழ்நாட்டில் நடத்திய இறப்புக் காரண ஆய்வு இவ்வாதத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. சென்னையில் சுமார் 48,000, விழுப்புரம் ஊரகப் பகுதியில் சுமார் 32,000 என 80,000 வயதுவந்தோர் இறப்புகள் அதில் ஆராயப்பட்டன. மருத்துவம் படிக்காத, பயிற்சி பெற்ற பட்டதாரிகள் இறந்தவரின் வீட்டுக்குச் சென்று, குடும்பத்தார் கூறியதைக் கேட்டு நோயின் போக்கை விவரித்து எழுதினர். அதைப் படித்து மருத்துவர்கள் காரணத்தை முடிவு செய்தனர். இறப்புப் பதிவேட்டில் காரணம் தெளிவின்றிக் கிடந்தவை அதனால் நகரத்தில் வெகுவாகக் குறைந்தன. இதன் தொடர்ச்சியாக 2003இல் ‘லான்செட்’டில் வெளியான ஆய்வு, காசநோயால் மாண்ட ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் சாவுக்குப் புகைப்பழக்கம் காரணம் எனக் காட்டியது.

காரணத்தைக் குறியிடும் மருத்துவர் எங்கிருந்தும் வேலை செய்யலாம். அவருக்குத் தொலைவு தடையில்லை. ஆனால் அந்த வேலை வாசலில் அமர்ந்து கேட்டு எழுதியவரின் திறமையை முழுக்க நம்பி நிற்கிறது. கணவன் இருமியதை மனைவி எந்தச் சொல்லால் சொல்கிறாள், குடிப்பழக்கத்தை மகன் எந்த இடத்தில் மறைக்கிறான் என அறிவது ஆய்வின் புறவேலை அன்று, அளவீடே அதுதான். முதுநிலைப் பட்டம் முதல் வகை வேலையைச் செவ்வனே கற்பிக்கிறது. இரண்டாவதைத் தாழ்ந்த பணியாகக் கருதிக் கீழ்நிலை ஊழியருக்கு விட்டுவிடுகிறது.

4. பணியிடமே ஆய்வுக்களம்

இதற்கு மாற்று மாதிரி நம்மிடமே உண்டு. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 2001இல் தொடங்கிய களப் பயிற்சித் திட்டத்தில், மாநிலச் சுகாதாரத் துறைகளின் அலுவலர்கள் முதுநிலை மாணவராயினர்; பட்டத்தைத் திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் வழங்கியது. மாணவர் குறுகிய காலம் வகுப்பில் இருப்பார். பெரும்பகுதியைக் களத்தில் கழிப்பார். கண்காணிப்பு முறையை மதிப்பிடுவது, நோய்த்திரளைப் புலனாய்வது ஆகியவையே அவர் பட்டத்துக்கான வேலைகள். அமெரிக்காவில் 1951இல் அலெக்சாண்டர் லாங்முயர் தொடங்கிய நோய்ப்பரவல் புலனாய்வுப் பணியின் மரபு இது.

இணையவழிப் பட்டம் இம்மரபை இரவல் பெற எந்தத் தடையும் இல்லை. வளாகப் படிப்பு ஒரு வட்டார மருத்துவ அலுவலரை அவர் வட்டாரத்திலிருந்து பிரித்தெடுக்கிறது. தொலைநிலைப் படிப்பு அவரை அங்கேயே விடுகிறது. இந்த வேறுபாட்டைப் பாடத்திட்டம் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பதே என் குறை. பொதுச் சுகாதாரப் படிப்புகளுக்கான அமெரிக்க அங்கீகாரக் குழு 2016இல் வகுத்த அளவுகோல், இணையவழியாளர் உட்பட எம்.பி.எச். மாணவர் ஒவ்வொருவரும் செயல்முறைப் பயிற்சி பெற்று, அதன் விளைவாகக் குறைந்தது இரண்டு ஆக்கங்களைக் காட்ட வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடுதான். எனினும் வேறொருவர் திரட்டிய எண்களை வைத்து எழுதிய அறிக்கையாலும் அந்நிபந்தனையை நிறைவு செய்துவிடலாம்.

நான் முன்வைப்பது மூன்று கட்டாயப் பணிகள். முதலாவது, பின்தொடரல். இந்தியாவின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர் எஸ் படிவத்தையும் மருத்துவர் பி படிவத்தையும் ஆய்வகம் எல் படிவத்தையும் நிரப்புகின்றனர். தம் வட்டாரத்தின் ஒரு வாரக் காய்ச்சல் எண்ணிக்கையை எடுத்து, அது கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் தொடங்கி இணையதளம் வரை வந்த வழியையும், மருந்துக்கடையிலேயே முடிந்துபோய்க் கணக்கில் ஏறாத காய்ச்சல்களையும் மாணவர் எழுத வேண்டும். இரண்டாவது, வினாநிரல். தாய்மொழியில் எழுதி, சிலரிடம் கேட்டுப் பார்த்து, எந்தக் கேள்வி ஏன் மாற்றப்பட்டது, யார் விடை மறுத்தார் என்பதை அறிக்கையாக்க வேண்டும். மூன்றாவது, தணிக்கை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு போன்ற பெருந்தரவில் வயது 0, 5 என முடியும் எண்களில் குவிவதையும், இரத்த அழுத்த அளவுகள் பூச்சியத்தில் முடியும் எண்களில் குவிகின்றனவா என்பதையும் கண்டு, அவற்றின் காரணத்தை விளக்க வேண்டும்.

5. எதிர்வாதங்கள்

பணிக்கிடையே படிப்பவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது முதல் மறுப்பு. முதற்பணி அவர் அலுவலகத்தில் அன்றாடம் கைமாறும் தாள்களைப் பற்றியது. புதிய பயணம் எதையும் கோருவதில்லை. சுகாதாரத் துறையில் இல்லாத மாணவர் என்ன செய்வார் என்பது இரண்டாவது. மூன்றாம் பணி அவர் வீட்டு மேசையிலேயே முடியும்.

அறநெறி பற்றிய மூன்றாவது மறுப்பு கனமானது. மேற்பார்வையின்றி மாணவர் வீடு வீடாகச் சென்று நோய் விவரம் கேட்பது ஏற்கத்தக்கதல்ல. அறநெறிக் குழுவின் ஒப்புதலும், பல்கலைக்கழகம் ஏற்கும் உள்ளூர் வழிகாட்டியும் வேண்டும். வழிகாட்டிக்கு ஊதியமும் வேண்டும். இதனால் படிப்பின் செலவு உயரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இணையவழிப் பட்டத்தை மலிவான பட்டமாகவே காண்போருக்கு இது உவப்பாக இராது.

கணினியில் தரவு வெள்ளமாய்ப் பெருகும் காலத்தில் களம் எதற்கு என்பது நான்காவது. 2020 மே, ஜூன் மாதங்களில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் முன்னின்று நடத்திய முதல் தேசியக் குருதிநீர் ஆய்வு இதற்கு விடை தந்துவிட்டது. சுமார் 28,000 பேரிடம் வீடு தேடிச் சென்று குருதி எடுத்த அவ்வாய்வு, பதிவான ஒவ்வொரு கோவிட் தொற்றுக்கும் ஏறத்தாழ 82 முதல் 130 தொற்றுகள் இருந்ததாக மதிப்பிட்டது. நாள்தோறும் இணையதளங்களில் ஏறிய எண்ணிக்கையை எத்தனை நுட்பமான மாதிரியில் இட்டிருந்தாலும் இவ்விடைவெளி அதிலிருந்து தானாக வெளிப்பட்டிராது.

6. முடிவாக

இணையவழிப் பட்டத்தை வளாகப் பட்டத்தோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பதால் பயனில்லை. இரண்டிலும் மாணவர் பிறர் திரட்டிய தரவிலேயே தொடங்கி அதிலேயே முடிக்கலாம். ஒரு படிப்பை மதிப்பிட, அங்கீகரிப்போரும் சேர விரும்புவோரும் கேட்க வேண்டிய கேள்வி இது: பட்டம் பெறுவதற்குள் மாணவர் ஓர் எண்ணையாவது தாமே உண்டாக்கி, அதில் எங்கே பிழை புகுந்திருக்கும் என எழுதி, அதற்காக மதிப்பெண் பெறுகிறாரா? ஆம் என்றால் அவர் படித்தது லண்டனிலா, தம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலா என்பது பொருட்டல்ல. இல்லை என்றால், வளாகத்தில் கழித்த ஆண்டுகளாலும் அக்குறை தீராது.