ஆதுலசாலைச் செலவும் புதுநோய்களும்

நோயுற்றோரை மருத்துவ நிலையத்தில் இருத்திப் பேணுதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்னும் வினா இக்காலத்தில் தோன்றியதன்று. முன்னறியாத நோயொன்று தோன்றிப் பரவுங்காலத்து அவ்வினா மிகக் கூர்மையடைகின்றது. காலத்தால் ஒன்றற்கொன்று சேய்மையுடைய மூன்று ஆவணங்களைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு. கி.பி. 1069-ஐ ஒட்டியது, கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவர்களால் பதிப்பிக்கப்பெற்றது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்துப் பெருமாள் கோயிலில், வீரசோழன் என்னும் பெயரிய ஆதுலசாலை 15 படுக்கைகளோடு நடைபெற்றதென இதனால் அறிகின்றோம். மருத்துவன் கோதண்டராமன் அசுவத்தாமப் பட்டனுக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை செய்வானுக்கு 30 கலம் நெல்லும் வகுக்கப்பட்டன. நோயாளி ஒருவர்க்கு நாள்தோறும் ஒரு நாழி அரிசி. ஆண்டினை 360 நாளாகக் கொண்டு கணக்கிடின், பதினைவர்க்கும் 5,400 நாழி, அஃதாவது 56 கலம் 3 குருணி அரிசி ஆகும். இச்செலவு முழுவதும் நோய் வருமுன்னரே நிவந்தமாக வகுக்கப்பட்டிருந்தது. நோயாளி எதுவும் செலுத்த வேண்டும் என்னும் குறிப்பு இல்லை.

இதுகொண்டு அக்காலத்து மக்கள் அனைவரும் இலவச மருத்துவம் பெற்றனர் என முடிவு செய்தல் பொருந்தாது. அச்சாலை அங்குப் பயின்ற மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியது. மேலும், பதினைந்து என்னும் வரையறை அன்றாட நோய்களுக்குப் போதுமாயினும், ஊர் முழுதும் ஒருங்கே நோயுறுங்கால் போதாது என்பது வெளிப்படை.

இரண்டாவது, 1897-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டம். 1896-இல் பம்பாயிற் பரவிய பிளேக் நோயே அதற்குக் காரணம். பயணிகளைச் சோதிக்கவும், ஐயத்திற்குரியோரை மருத்துவ நிலையத்திற் பிரித்து வைக்கவும் அது ஆட்சியாளர்க்கு அதிகாரம் அளித்தது. ஆனால் செலவை எவ்வாறு, எவர் ஏற்பது என்பதனைச் சட்டம் தானே வரையறுக்காமல், அரசு பின்னர் முடிவு செய்துகொள்ளலாம் என விட்டுவிட்டது. ஒருவனைப் பிரித்து வைத்தல் ஊரின் நலத்திற்காகவே யாதலின், அதன் பொருட்சுமையை அவன் குடும்பத்தின்மேல் ஏற்றல் முறையாகாது. சட்டம் இதனை உறுதி செய்யவில்லை.

மூன்றாவது, கோவிட்-19 பரவிய 2020 சூன் திங்களில் தமிழ்நாட்டரசு தனியார் மருத்துவமனைகளுக்கு விதித்த கட்டண உச்சவரம்பு. பொதுப்பிரிவிற்கு மருத்துவமனையின் தரத்திற்கேற்ப நாளொன்றுக்கு 5,000 அல்லது 7,500 ரூபாய். தீவிர சிகிச்சைப் பிரிவிற்கு 15,000 ரூபாய். அவ்வாண்டில் தமிழகத்து ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 256 ரூபாய். எனவே, தீவிர சிகிச்சையில் ஒருவர் பத்து நாள் இருப்பின் ஆகும் 1,50,000 ரூபாய் ஏறத்தாழ 586 நாட்கூலிக்குச் சமம். ஆண்டிற்கு 100 நாள் வேலையே உறுதி செய்யப்பட்டிருந்தமையின், இஃது ஏறக்குறைய ஆறாண்டு ஊதியமாம். உடனிருப்போர் இழந்த கூலியும், வட்டிக்குப் பெற்ற கடனும் இக்கணக்கில் அடங்கா. அரசு மருத்துவமனைகளிற் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கப்பட்டது உண்மையே; ஆயினும் அங்கு இடம் கிடையாதபோது தனியார் வாயிலை நாடியோர் பலர். 2021 மே திங்களில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின்வழித் தனியார் மருத்துவமனைச் செலவையும் அரசே ஏற்கும் என ஆணை பிறந்தது.

இம்மூன்றனையும் ஒப்பு நோக்குங்கால் ஓருண்மை புலனாகின்றது. கல்வெட்டு, செலவிற்கு முன்னரே வழி கண்டது. ஆயின் சிலர்க்கே கண்டது. பிற்காலத்து ஆவணங்கள் அனைவரையும் நோக்கின. ஆயின் நோய் வந்தபின்னரே வழி தேடின. புதுநோய் இனியும் தோன்றும். அதன் பெயரும் காலமும் நாம் முன்னறிதற்கு அரியன. ஆனால் அதற்குச் செலவு உண்டு என்பது முன்னரே அறியத்தக்கது. அறியத்தக்க அதனை நோயாளியின் கடனாக விடாது முன்கூட்டியே வகுத்து வைத்தலே முறையாம் என்பது நம் கருத்து.